நீ கையால் எழுதிய கயத்தாறு

நேற்றுக் காலை தீப்பெட்டி ஆபீஸில் சர்வர் அலமாரியைத் திறந்தேன். மிளகாய் வத்தல் நெடி முகத்தில் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வத்தல் குடோன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சர்வரின் விசிறி அந்தக் காற்றை இழுத்து இழுத்து, பெட்டிக்குள் கரிசல் புழுதியும் மிளகாய்ப் பொடியும் அப்பிக் கிடந்தன. அடுக்கடுக்காகத் தும்மினேன். தும்மி முடித்ததும் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். "மெஷினு மேல தும்மாதட்டி, அதுக்குச் சளி பிடிச்சா யாரு பாக்க?" என்று நீ சொல்ல வேண்டிய இடம். பக்கத்து அறையில் யாரோ பார்சலுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நீ போன பிறகு ஒரு விதைப்பும் ஓர் அறுப்பும் முடிந்துவிட்டன. இத்தனை நாளில் உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். உனக்கு என்னைவிட அதிகமாக வரும். ஆனால் நேற்று உன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியது. உனக்குத் தெரிவிக்காமல் விட்டால் புறம் பேசியதாகிவிடும். நமக்குள் ஆயிரம் சண்டை உண்டு, புறம் பேசியது மட்டும் கிடையாது.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு ஒரே கம்ப்யூட்டர் கடையிலும் உட்கார்ந்தோம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ்கள், கடலைமிட்டாய்க் கம்பெனிகள், கயத்தாறில் லாரி புக்கிங், விளாத்திகுளத்தில் வத்தல் கமிஷன் கடைகள். எங்கே நாலு கம்ப்யூட்டரை ஒன்றோடு ஒன்று கோத்து வைக்க வேண்டுமோ அங்கெல்லாம் உன் ஸ்கூட்டர் போய் நின்றது. "பொம்பளைப் பிள்ளைக ஏணி ஏறி வயர் இழுக்குமா?" என்று கேட்டவர்கள் ஆபீஸில் நீ வேண்டுமென்றே உயரமான ஏணியாகக் கேட்டு வாங்குவாய். நீ ஓட்டுவாய், நான் பின்னால் கேபிள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடாமல் வருவேன். இப்போது அதே ஸ்கூட்டரை நான் ஓட்டுகிறேன். கேபிள் முன்னால் கால்மாட்டில் கிடக்கிறது. எட்டயபுரம் ரோட்டில் எதிர்க்காற்றில் போகும்போது எனக்குப் பேச ஆளில்லை. சில நாள் வாய் தானாக ஏதாவது சொல்லிவிடுகிறது, பக்கத்தில் வருகிற வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சிதான் நேற்று விடிந்ததும் போன் செய்தார். ஹலோ கிலோ எல்லாம் அவரிடம் இன்னும் கிடையாது.

"யம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போ. கயத்தாறு பிள்ளைய நிப்பாட்டியாச்சு. அந்த மெஷின்ல இருந்து இனி ஆபீஸ் பைல் எதையும் தொறக்க முடியாதபடி பண்ணிரு."

கயத்தாறு பிள்ளை என்றால் முத்துலட்சுமி. பார்சல் அனுப்புகிற வேலையைப் பார்க்கிறவள், நீ உன் சாப்பாட்டு டப்பாவில் பாதியைத் தள்ளிவிடுவாயே, அவள்தான். அந்த ஆபீஸில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எப்போது இருந்தது? அவரவர் ஊர்தான் பெயர். கணக்குப் பார்ப்பவர் விளாத்திகுளம், கொள்முதல் பார்ப்பவர் எப்போதும்வென்றான், இவள் கயத்தாறு. நாம் முதலில் அங்கே வயர் இழுத்த அன்று, மெஷின்களுக்கு வரிசையாக எண் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். "எண்ணை எவன் ஞாபகம் வச்சிருப்பான்? ஆள் பேரயே வச்சிரு" என்றார் அண்ணாச்சி. ஆள் பெயர் என்று அவர் சொன்னது ஊரைத்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆள் மாறினால் ஊர் மாறும், ஊர் மாறினால் மெஷின் பெயரை மாற்ற வேண்டும். உனக்கோ ஒரே கொண்டாட்டம். "நல்லாத்தான இருக்கு. பிரின்ட் வரலன்னா, கயத்தாறுக்கு ரோடு அடைச்சிருக்குன்னு சொல்லலாம்" என்றாய். சொன்னபடி சொல்லிக்கொண்டும் இருந்தாய்.

அந்த ஆபீஸில் மெஷினும் ஆளும் ஒன்றுதான். கயத்தாறு பிரின்ட் எடுக்கவில்லை என்றால் முத்துலட்சுமி எடுக்கவில்லை என்று அர்த்தம். கயத்தாறு மெதுவாக இருக்கிறது என்றால் அவள்தான் சோம்பேறி. இத்தனை வருடம் இது வேடிக்கையாக இருந்தது. நேற்று அது அவள் பிழைப்புக்கே வந்துவிட்டது.

நான் போனபோது அவள் பேக்கிங் கூடத்தில் ஒரு ஸ்டூலில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, உள்ளே வரவும் உத்தரவில்லை. தீக்குச்சி அடைத்த பெட்டிகளை ஏற்றுகிறவர்கள் அவளைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"நான் தொடலக்கா. ரேட் பைலு எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றாள். அழுது முடித்த குரல். "இப்பிடிப் பேரு வாங்கிட்டு வெளிய போனா, வேற எந்த ஆபீஸ்லக்கா என்னச் சேப்பாக?"

எந்த ஆபீஸிலும் சேர்க்கமாட்டார்கள். இந்த ஊரில் தீப்பெட்டி முதலாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். சாயங்காலம் ஒரு கடையில் சொன்னது மறுநாள் எல்லாக் கடையிலும் தெரியும்.

நடந்தது இதுதான். வியாபாரிகளுக்கு என்ன விலை என்று அண்ணாச்சி போட்டு வைத்திருக்கிற ரேட் பைலில் யாரோ கை வைத்து எண்களைக் கலைத்திருக்கிறார்கள். கலைந்த விலையிலேயே வடக்கே ஒரு வியாபாரிக்குப் பில் போய்விட்டது. அவர் போனில் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைத்தான் அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. யார் என்று தேடியிருக்கிறார். எந்த பைலை எந்த மெஷின் திறந்தது என்று காட்டுகிற மாதிரி நீ ஒன்று செய்து கொடுத்திருந்தாயே, அதைத் திறந்து பார்த்திருக்கிறார். கயத்தாறு என்று வந்திருக்கிறது. முத்துலட்சுமியின் தம்பி இன்னொரு தீப்பெட்டி ஆபீஸில் இருக்கிறான். கணக்கு முடிந்தது.

"அண்ணாச்சி, ஆபீஸ் பூரா ஒரே பாஸ்வேர்டு. யாரு தொறந்தாங்கன்னு எப்பிடிச் சொல்ல முடியும்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான மெஷினு பேரு காட்டுற மாதிரி அந்தப் பிள்ள பண்ணிக் குடுத்திட்டுப் போச்சு. அந்தப் பிள்ள செஞ்சது பொய் சொல்லாது. எத்தன வருசம் பாத்திருக்கேன்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை. நீ உயிரோடு இருந்தபோது பில் கொடுத்தால் முகத்தைச் சுளித்த மனிதர், இப்போது உன் வாக்கை வேதமாகச் சொல்கிறார். அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உன் நல்ல பெயர்தான் அந்தப் பெண்ணை ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறது என்று புரிந்தது.

புது ஆபீஸுக்குப் போனால் நீ ஊழியர்களைக் கூட்டி உட்கார வைத்து ஒரு பாடம் நடத்துவாய். "மெஷினுக்கு ஒரு பேரு, ஒரு நம்பரு. பேரு நமக்கு, நம்பரு அதுகளுக்கு. காலைல கண்ணு முழிச்சதும் ஒவ்வொண்ணும் சர்வர்ட்ட வந்து, நான் இன்னாரு, இன்னைக்கு இந்த நம்பர்ல இருக்கேன்னு சொல்லிட்டுப் போவும். சர்வர் பதிஞ்சு வச்சுக்கிடும். நீங்க கயத்தாறைக் கூப்பிட்டா, சர்வர் பதிவைப் பாத்து அந்த நம்பருக்கு அனுப்பும். அம்புட்டுத்தான்." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அம்புட்டுத்தான் இல்லை என்பது நமக்குத் தெரியும். சில மெஷின் வந்து சொல்லாது. சிலது பழைய நம்பரைச் சொல்லும். அங்கேதான் நமக்குள் சண்டை.

மெஷின் ஏன் தன்னைப் பதியவில்லை என்று தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. உனக்கு அவ்வளவு பொறுமை ஏது? சர்வரைத் திறந்து, இந்தப் பெயருக்கு இந்த நம்பர் என்று நீயே கையால் எழுதிவிடுவாய். கையால் எழுதியது தானாக மாறாது. மெஷின் நாளைக்கு நம்பர் மாறினாலும் பதிவு பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் எழுதினால் கையோடு அந்த நம்பரை அந்த மெஷினுக்கே என்று கட்டியும் வைக்க வேண்டும். விளாத்திகுளத்தில் ஒரு கமிஷன் கடையில் நீ இப்படி எழுதிவிட்டுக் கிளம்பியபோது, வழி நெடுக உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தேன். நீ வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, "மெஷினு தானா வந்து பதியும்னு நீ காத்துக்கிட்டு உக்காரு. நான் எழுதிட்டு வீட்டுக்குப் போறேன்" என்றாய். என்னை இறங்கச் சொன்னாய். நான் இறங்கிவிட்டேன். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "ஏறு, வெயிலு கொல்லுது" என்றாய். அப்போதும் நீ தப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்றைக்கு வருகிறேன். முத்துலட்சுமியின் மெஷின் பிளக்கை அண்ணாச்சி காலையிலேயே பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டார். திரை கறுப்பாக இருந்தது. நான் சர்வர் முன் உட்கார்ந்து, சும்மா பார்ப்போமே என்று கயத்தாறுக்கு பிங் அடித்தேன். இருக்கிறாயா என்று கூப்பிட்டுப் பார்ப்பது, வேறொன்றும் இல்லை. கயத்தாறு பதில் சொன்னது. உடனுக்குடன், வரிசையாக, இருக்கிறேன் இருக்கிறேன் என்று.

என் கை அப்படியே நின்றது. கரண்டே இல்லாத மெஷின் எப்படிப் பதில் சொல்லும்? எழுந்து போய்ப் பிளக்கைப் பார்த்தேன். பிடுங்கித்தான் கிடந்தது. அந்த நிமிடத்தில் உன்னைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன். கைக்குத் தெரியாது அல்லவா? உன் பெயரை அழுத்தப் போய், அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த நம்பரை இந்நேரம் கம்பெனிக்காரன் வேறு யாருக்காவது கொடுத்திருப்பான். நான் கூப்பிட்டால் முகம் தெரியாத யாரோ எடுத்து "யாரு?" என்பார்கள். அது நினைவுக்கு வந்ததும் இங்கே என்ன நடக்கிறது என்பதும் விளங்கிவிட்டது. கயத்தாறின் நம்பரில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

முத்துலட்சுமியின் மெஷினைப் போடச் சொல்லி, அது என்ன நம்பரில் எழுந்திருக்கிறது என்று பார்த்தேன். வேறு நம்பர். சர்வரின் பதிவில் இருப்பது பழைய நம்பர். ஆக, கயத்தாறு என்று கூப்பிட்டால் போய்ச் சேருவது இவளிடம் இல்லை. அந்த நம்பரில் இருந்து வருகிற எதற்கும் சர்வர் கயத்தாறு என்று பெயர் போடுகிறது.

நீ எந்த ஆபீஸுக்குப் போனாலும் மெஷினைத் தொடுவதற்கு முன் கேட்கிற கேள்வியை நான் கேட்டேன். "புதுசா என்ன மாத்துனிய?" விளாத்திகுளம் ஒன்றும் மாற்றவில்லை என்றார். எப்போதும்வென்றான் ஒன்றும் மாற்றவில்லை என்றார். அண்ணாச்சி, "ஒண்ணும் மாத்தலம்மா, எல்லாம் நீங்க வச்சது வச்சபடி இருக்கு" என்றார். எல்லோரும் ஒன்றும் மாற்றவில்லை என்றால் பெரிதாக எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்பாய் நீ. அண்ணாச்சியின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மேசையில் பளபளவென்று ஒரு லேப்டாப். மகள் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியதாம். சுவரிலிருந்து ஒரு கேபிளை உருவி அவரே சொருகியிருக்கிறார்.

"இது?"

"இது லேப்டாப்புதான" என்றார்.

அதில் நம்பரைப் பார்த்தேன். கயத்தாறின் பழைய நம்பர்.

முத்துலட்சுமி ஊரில் கோயில் கொடைக்கு லீவு போட்டுப் போயிருக்கிறாள். கொடை முடிந்து, சொந்தக்காரர்களை அனுப்பிவிட்டு அவள் திரும்பி வருவதற்குள் அணைந்து கிடந்த மெஷினுக்குத் தவணையில் கொடுத்திருந்த நம்பர் காலாவதியாகி, அந்த நேரம் பார்த்து வந்த லேப்டாப்புக்குப் போய்விட்டது. அவள் வந்து மெஷினைப் போட்டதும் அதற்கு வேறு நம்பர் கிடைத்தது. இதெல்லாம் எந்த ஆபீஸிலும் நடப்பதுதான். பதிவு தானாக நடந்திருந்தால் புது நம்பர் தானாக ஏறியிருக்கும். ஏறவில்லை. சர்வரில் அந்த வரியைத் திறந்து பார்த்தேன். கையால் எழுதியது. நம்பரைக் கட்டி வைக்கவில்லை. அந்த சர்வருக்கான தனிப் பாஸ்வேர்டு உலகத்தில் நம் இரண்டு பேரிடம்தான் இருந்தது. நான் எழுதவில்லை.

எப்போது எழுதினாய் என்பதும் தெரியும். மதுரையில் ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் நடுவே, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "வீட்ல கெடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று கிளம்பிப் போனாயே, அன்று. கயத்தாறு பதிவிலிருந்து அடிக்கடி காணாமல் போகிறது என்று முறையிட்டிருந்தார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு முறைத்தாய். சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாய். "சரியாயிட்டா?" என்று கேட்டேன். "பாடாப் படுத்திட்டு. எழுதி வச்சிட்டு வந்துட்டேன்" என்றாய். நான் சண்டை போடவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சண்டையே வரவில்லை.

அண்ணாச்சிக்கு நம்ப முடியவில்லை. நான் வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்து சர்வர் முன் உட்கார வைத்தேன். கயத்தாறைக் கூப்பிட்டேன். பதில் வந்தது. "இப்ப உங்க லேப்டாப்புல இருந்து வயரப் பிடுங்கச் சொல்லுங்க" என்றேன். பிடுங்கினார்கள். கயத்தாறு பேச்சை நிறுத்தியது. அங்கே முத்துலட்சுமியின் மெஷின் விளக்கெல்லாம் எரிய ஓடிக்கொண்டிருக்கிறது. வயரைத் திரும்பச் சொருகினார்கள். கயத்தாறு பேச ஆரம்பித்தது. அண்ணாச்சி திரையையும் தன் அறை வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை பிடுங்கச் சொன்னார். திரும்ப ஒரு தடவை சொருகச் சொன்னார்.

"ஒரு நா ரேட்டப் பாப்பமேன்னு தொறந்தேன்தான்" என்றார் மெதுவாக. "எழுத்து பொடிசா இருந்துச்சு. என்னமோ அமுக்குனேன். மூடும்போது அது என்னமோ கேட்டுச்சு. சரின்னு குடுத்தேன்."

விளாத்திகுளம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அண்ணாச்சி உடனே தன் குற்றத்தை ஒத்துக்கொள்கிற ஆளா? யோசித்துவிட்டு, "ஆனாலும் பட்டியல்ல அவ பேருதான வந்துச்சு? அந்தப் பிள்ள எழுதி வச்சது எப்பிடித் தப்பாவும்? இவ மெஷின்லதான் ஏதோ வில்லங்கம். கொடைக்குப் போறதுக்கு முன்னால எதையாவது நோண்டிருப்பா" என்றார். வாசலில் வந்து நின்ற முத்துலட்சுமியின் முகம் திரும்பவும் இருண்டது.

எனக்கு ஒரு வழி இருந்தது. மெஷின் கோளாறு, வத்தல் புழுதி போய்ப் பழுதாகிவிட்டது, சுத்தம் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். நம் தொழிலில் யாரையும் நோகடிக்காமல் தப்பிக்க அந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தச் சந்தேகம் அவள் தலைமேல் தொங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த தடவை எது தப்பாகப் போனாலும் கயத்தாறைத்தான் பார்ப்பார்கள். உன் பெயர் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்றால் அவள் பெயர் அழுக்காகத்தான் இருக்க வேண்டும். அந்த அழுக்குக்கு வேறு இடம் இல்லை.

"இவ மெஷின்ல ஒரு வில்லங்கமும் இல்ல அண்ணாச்சி. பதிவுதான் தப்பு. கையால எழுதுனா நம்பரயும் சேத்துக் கட்டணும். கட்டாம விட்டுட்டா. அது அவ செஞ்ச தப்பு."

உன் பெயரைச் சொல்லவில்லை. அவ என்றேன். எல்லோருக்கும் புரிந்தது.

அண்ணாச்சியின் முகம் இளகிவிட்டது. "பாவம்" என்றார். "உடம்புக்கு முடியாத நேரத்துல செஞ்சிருக்கும்."

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் பேசாமல் வந்திருக்கலாம். உனக்கும் மரியாதை, அவருக்கும் நிம்மதி. ஆனால் உன்னை யாராவது பாவம் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய்.

"உடம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நல்லா இருந்தப்பயும் அவ இப்பிடித்தான் செய்வா. நாங்க இதுக்காக எத்தன சண்ட போட்டிருக்கோம் தெரியுமா? பிடிச்ச பிடி விடமாட்டா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

பிறகு வேலையைப் பார்த்தேன். நீ எழுதிய வரியை எடுத்தேன். முத்துலட்சுமியின் மெஷினைத் தன்னைத் தானே பதியச் சொன்னேன். முதலில் பதியவில்லை. ஏன் என்று தோண்டினேன். அதில் கடிகாரம் பின்தங்கிக் கிடந்தது, மதர்போர்டு பாட்டரி தீர்ந்துபோயிருந்தது. நேரம் ஒத்துப்போகாத மெஷின் சொல்வதை சர்வர் நம்பாது. பாட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் பதிந்துகொண்டது. இதற்குத்தான் அன்று உன்னை அது பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஒரு பொட்டு அளவுப் பாட்டரி. லேப்டாப்புக்குத் தனிப் பெயரும் நம்பரும் கொடுத்தேன். என்ன பெயர் வைக்க என்று கேட்டதற்கு அண்ணாச்சி, "எதையாவது வையி" என்று எரிந்து விழுந்தார். பழைய நகலிலிருந்து ரேட் பைலை எடுத்துப் போட்டேன்.

முத்துலட்சுமி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் மன்னிப்பு கேட்கவில்லை. டீ சொல்லும்போது அண்ணாச்சி, "கயத்தாறுக்கும் ஒண்ணு சொல்லு. சீனி தூக்கலா" என்றார். அந்த ஆபீஸில் அவ்வளவுதான் கிடைக்கும், அது அவளுக்கும் தெரியும்.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அக்கா, என்னால அந்த அக்காவக் கொற சொல்லும்படியா ஆயிட்டே. அவிய எனக்கு எவ்வளவு செஞ்சிருக்காவ. அவிய இருந்தா வருத்தப்படுவாவளோ?"

"வருத்தமா? சண்டைக்கு வருவா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் உள்ளே போனாள்.

நான் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சாவியைச் சொருகினேன், திருப்பவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. நிழலில் போய் நிற்கலாம், நிற்கவில்லை. ஏன் நிற்கிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, நீ பதில் சொல்வதற்காக நிற்கிறேன். நாலு பேர் முன்னால் நீ தப்பு செய்தாய் என்று சொல்லியிருக்கிறேன். "அந்தப் பாட்டரிய நீ போன தடவ போனப்பயே பாத்திருக்கணும், யாரு தப்புட்டி?" என்று நீ கேட்க வேண்டும். கேட்டிருப்பாய். ஒரு வார்த்தையை நீ சும்மா விட்டதே இல்லை. நேற்று விட்டுவிட்டாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் அழவில்லை. எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். டெத் சர்டிபிகேட்டுக்கு அலைந்தேன், கடை வாடகைச் சீட்டில் பெயர் மாற்றினேன், உன் வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் போன் செய்து நீ இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் வேலையாகச் செய்தேன். நீ செத்துவிட்டாய் என்பது நேற்று அந்த வெயிலில்தான் எனக்கு உறைத்தது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லோடு ஏற்றுகிறவர் ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். "வத்தல் நெடி" என்றேன். "ஆமாக்கா, இங்கன எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றார்.

இன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாளைக்கு விளாத்திகுளம் போகிறேன். அடுத்து கயத்தாறு, அடுத்து மற்ற ஊர்கள். எல்லா ஆபீஸிலும் நீ கையால் எழுதிவைத்த வரிகள் இருக்கும். இன்னொரு முத்துலட்சுமி எங்காவது ஸ்டூலில் உட்காருவதற்கு முன்னால் நான் அவற்றை எடுக்க வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் இந்தச் சீமையில் எந்த மெஷினிலும் உன் கை இருக்காது. அது தெரிந்துதான் போகிறேன்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு வரியையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். இது ஏன் தப்பு, இதை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று முழுவதும் சொல்வேன். கடைக்காரர்கள் என்ன நினைத்தாலும் சரி. சொல்லிவிட்டு நீ மறுத்துப் பேசக் கொஞ்சம் நேரம் விடுவேன். எத்தனை வருடச் சண்டை இது? கடைசியில் என் கட்சிதான் சரி என்று ஆகிவிட்டது. நீ வாயைத் திறக்காமல் நான் ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.